ஆறு கிலோ பொய்

ஷாமினி பிறந்ததே ஒரு குறும்புதான். டாக்டர் குறித்துக் கொடுத்த தேதிக்குப் பன்னிரண்டு நாள் முன்னாலேயே, அப்பா பழனியப்பன் செம்பனைக் காய் ஏற்றிய லோரியோடு ஜெஞ்சாரோம் தாண்டிப் போன நேரமாகப் பார்த்து, எதிர்வீட்டு அங்கிளின் காடிப் பின்சீட்டில் வந்து குதித்துவிட்டாள். அந்த அங்கிள் இன்றைக்கும் அவளைப் பார்த்தால் காடிக் கதவைப் பூட்டிக்கொள்வார்.

அதற்கப்புறம் அவள் செய்ததெல்லாம் அந்த முதல் வேலையின் தொடர்ச்சிதான். ஏழு வயதில் விருந்தாளிகளின் செருப்பையெல்லாம் ஜோடி மாற்றிக் கயிற்றால் கட்டினாள். பத்து வயதில் தமிழ்ப்பள்ளிச் சுவர்க் கடிகாரத்தை இருபது நிமிஷம் முன்னால் தள்ளி, மொத்தப் பள்ளியையும் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பினாள். பதிமூன்றில் அம்மாவின் போனில் எல்லாப் பெயரையும் மாற்றிவைத்தாள். அம்மா புஷ்பவல்லி ஒரு வாரம் கேஸ் கடைக்காரரிடம் தன் மாமியார் பற்றிக் குறை சொல்லிக்கொண்டிருந்தார். அவரும் பாவம், நன்றாகத்தான் கேட்டுக்கொண்டார்.

இப்போது வயது பதினாறு. கிள்ளானில், மேரு பக்கம், லிஃப்ட் இல்லாத நாலு மாடி ஃபிளாட்டில் மூன்றாவது மாடி. படிப்பு சுமார். கணக்குப் பாடமும் அவளும் பல வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை.

இத்தனை கூத்துக்கும் ஒரே ஒரு ரசிகை இருந்தாள். தங்கச்சி குமுதா, பதினாலு வயது. குமுதாவின் சிரிப்பு ஒரு தனி ரகம். பழைய மோத்தோரை உதைத்து ஸ்டார்ட் பண்ணுவது மாதிரி இருக்கும். முதல் மூன்று உதைக்கு வெறும் காற்றுதான் வரும், க், க், க் என்று. நாலாவதில் பிடித்துக்கொள்ளும். பிடித்ததென்றால் மேல் மாடி சாந்தமேரி ஆன்டி ஜன்னலைத் திறந்து, "என்னாது லா அங்க?" என்று கேட்பார். ஷாமினி செய்த எல்லாக் குறும்பும் அந்த நாலாவது உதைக்காகத்தான். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. கேட்டால் மறுப்பாள்.

அந்தச் சிரிப்புதான் மார்ச் மாசம் நின்றுபோனது.

எல்லாம் விஜயன் மாமா கல்யாணத்தால் வந்தது. அம்மாவின் தம்பி. பிரிக்ஃபீல்ட்ஸில் கல்யாணம், மண்டபம், மேளம் எல்லாம் தயார். 'தீம் கலர்' மயில் பச்சை. வீட்டுப் பெண் பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரே மாதிரி லெஹெங்கா, சென்னையில் தைத்து வரவேண்டும். அளவு அனுப்பும் வேலையை அம்மா எடுத்துக்கொண்டார். கிள்ளான் லிட்டில் இந்தியாவில் சேலைக் கடையில் பதினொரு வருஷமாக வேலை செய்கிறவர், ஒரு ஆளைப் பார்த்தாலே இடுப்பளவு சொல்கிறவர், போன தீபாவளிக்கு எழுதிவைத்த துண்டுச் சீட்டைத் தேடி எடுத்து அதை அப்படியே அனுப்பிவிட்டார்.

பெட்டி வந்தது. ஷாமினிக்கு லெஹெங்கா கச்சிதம். குமுதாவுக்கு இடுப்புக் கொக்கிக்கும் அதன் வளையத்துக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி.

அம்மா இழுத்தார். குமுதா மூச்சை உள்ளே இழுத்தாள். கொக்கி எதற்கும் மசியவில்லை.

"பரவால்ல லா," என்றார் அம்மா. "இன்னும் எட்டு வாரம் இருக்கு. அதுக்குள்ள கொறைச்சிடலாம்."

பச்சைத் துணியை யாரும் குறை சொல்லவில்லை. துண்டுச் சீட்டையும் யாரும் சந்தேகப்படவில்லை. தப்பு குமுதாவின் இடுப்பு மேல் விழுந்தது. அன்றைக்கே குடும்ப வாட்ஸ்அப்பில் விஜயன் மாமா எழுதினார்: "கல்யாணத்துல சாப்பாடு மிச்சமாகுமோன்னு பயந்தேன். குமுதா இருக்கு, கவலையில்ல." கீழே வரிசையாகச் சிரிப்பு முகங்கள். ஷாமினியும் மூன்று அனுப்பினாள். குமுதா போனைப் பார்த்துவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்தாள்.

அப்பா லோரி ஓட்டும் ஃபேக்டரியில் கழித்துப்போட்ட எடை மெஷின் ஒன்று வீட்டில் கிடந்தது. முள் சுற்றுகிற பழைய ரகம். குமுதா அதைத் துடைத்துக் குளியலறை வாசலில் வைத்தாள். முள் ஐம்பத்தெட்டில் நின்றது.

"அம்பது வரட்டும், அப்பறம் சாப்பிடுறேன்," என்று ஷாமினியிடம் மட்டும் சொன்னாள்.

ஷாமினி இதை முதலில் நம்பவில்லை. ஏனென்றால் குமுதாவின் தட்டு தினமும் காலியாகத்தான் இருந்தது. விஷயத்தைப் போட்டுக்கொடுத்தது ஒரு பூனை. மாடிப்படிக்குக் கீழே எலும்பும் தோலுமாகப் படுத்திருக்கும் ஒரு சாம்பல் பூனை, இரண்டே வாரத்தில் தலையணை மாதிரி ஆகிவிட்டது. படி ஏற மூச்சு வாங்கியது. ஷாமினி ஒருநாள் மத்தியானம் படிக்குப் பின்னால் ஒளிந்து நின்று பார்த்தாள். அம்மா வைத்த சோறு, மீன் வறுவல், பாதி முட்டை எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில் இறங்கி வந்து பூனைக்குப் பந்தியாகப் பரிமாறப்பட்டது. மேலே குமுதா இளைக்க, கீழே பூனை பெருத்துக்கொண்டிருந்தது.

முள் ஐம்பத்தைந்துக்கு வந்தது. குமுதா வெயிலிலும் ஜாக்கெட் போட்டுக்கொண்டாள். சீப்பில் முடி கொத்துக்கொத்தாக வந்தது. ஒரு திங்கட்கிழமை, பள்ளி அசெம்பிளியில் பாட்டு முடிவதற்குள் முழங்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டாள். டீச்சர் கேட்டதற்கு, "பசியாறிட்டேன் டீச்சர், வெயில்தான்," என்றாள். அந்தப் பசியாறல் யார் வயிற்றுக்குப் போனதென்று பின் வரிசையில் நின்ற ஷாமினிக்குத்தான் தெரியும்.

அன்று சாயங்காலம் அவளைச் சிரிக்கவைக்க, ஷாமினி அப்பாவின் லுங்கியைத் தலையில் கட்டிக்கொண்டு அம்மா மாதிரி சேலை விற்றுக் காட்டினாள். உயிரைக் கொடுத்து நடித்தாள். குமுதா ஒரு க் கூடச் சொல்லவில்லை. "தலை சுத்துதுகா, லைட்டை ஆஃப் பண்ணு," என்றாள்.

அம்மாவிடம் சொல்லலாம். சொன்னால் அம்மா கத்துவார், குமுதா இன்னும் நன்றாக ஒளிப்பாள். ஷாமினிக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான். பள்ளிக் கடிகாரத்தை நகர்த்தியவளுக்கு எடை மெஷின் முள் ஒரு விஷயமா?

மெஷினைக் கவிழ்த்துப் பார்த்தாள். அடியில் ஒரு சின்னத் திருகு. அதைத் திருகினால் முள் பூஜ்யத்துக்கு இந்தப்பக்கம் இறங்கி நிற்கிறது. யாரும் ஏறாதபோது அது தெரியக்கூடாதே? பூஜ்யம் இருக்கிற இடத்தில் ஒரு பெரிய பூனை ஸ்டிக்கரை ஒட்டிவிட்டாள்.

"அழகா இருக்கட்டும்னு," என்றாள். யாரும் கேட்கவே இல்லை.

மறுநாள் முள் ஐம்பத்துநாலு காட்டியது. குமுதா இறங்கி, மறுபடி ஏறி, மறுபடி பார்த்தாள். அன்றைக்குக் காலையில் இரண்டு தோசை சாப்பிட்டாள். பூனை கீழே நெடுநேரம் காத்திருந்து ஏமாந்தது.

கணக்கு வராத ஷாமினிக்கு இந்தக் கணக்கு பிடித்துப்போனது. ஒரு கிலோ பொய்க்கு இரண்டு தோசை. அவள் சாப்பிடச் சாப்பிட இவள் திருக, இவள் திருகத் திருக அவள் சாப்பிட்டாள். மூன்று வாரத்தில் முள் ஐம்பதைத் தொட்டது. குமுதாவின் கன்னத்தில் ரத்தம் திரும்பியது. ஜாக்கெட் கொடியில் காய்ந்தது. லெஹெங்காவை மட்டும் அவள் போட்டுப் பார்க்கவில்லை. "கல்யாணத்துக்கு முந்துன நாள் போட்டுக்கிறேன், சர்ப்ரைஸா இருக்கட்டும்," என்றாள். ஷாமினி அந்த நாளை நினைக்கவில்லை. தூரத்தில் இருக்கிற நாட்களை நினைக்கும் பழக்கம் அவளுக்குக் கிடையாது.

அவள் நினைக்காமல் விட்டது இன்னொன்றும் உண்டு. வீட்டில் இருக்கிற மெஷின் மேல் வீட்டில் இருக்கிற எல்லாரும் ஏறுவார்கள்.

முதலில் ஏறியது அம்மா. எழுபத்திரண்டு அறுபத்தாறு ஆகியிருந்தது. "என்னங்க! நான் மெலிஞ்சிட்டேன்!" என்று கத்தியதில் அப்பாவின் காப்பி சிந்தியது. மறுநாளே அம்மா அலமாரியின் அடியிலிருந்து எட்டு வருஷத்துக்கு முந்திய பஞ்சாபி சூட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு, பக்கவாட்டாகத் திரும்பித் திரும்பி நடந்து வேலைக்குப் போனார். பத்தரை மணிக்கு ஒரு மணப்பெண்ணுக்காக மேல் தட்டுப் பட்டுச் சேலையை எட்டி எடுத்தபோது முதுகுத் தையல் 'டர்ர்ர்' என்றது. அம்மா மிச்ச நாள் முழுக்க சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டே சேலை விற்றார்.

"துணி பழசு லா," என்றார் வீட்டுக்கு வந்து. "உளுத்துப் போச்சு."

அடுத்தது சாந்தமேரி ஆன்டி. சர்க்கரை வாங்க வந்தவர் சும்மா ஏறிப் பார்த்தார். ஆறு கிலோ காணவில்லை. நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். "லெந்து நோன்பு காலத்துல நான் பிஸ்கட்டை விட்டேன்ல, அதான்!" என்று சந்தோஷத்தில் அன்றைக்கே ஒரு டின் பிஸ்கட் வாங்கினார். செய்தி மாடி மாடியாக ஏறி இறங்கியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயிலுக்குப் போகிறவர்களும் மாதா கோயிலுக்குப் போகிறவர்களும் ஷாமினி வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையில் நின்றார்கள். எல்லாரும் மெலிந்திருந்தார்கள். அந்த வாசலிலிருந்து யாரும் சோகமாகத் திரும்பவில்லை. ஷாமினி கதவோரம் நின்று, "நெருக்காதீங்க ஆன்டி, எல்லாருக்கும் கொறையும்," என்று வரிசையை ஒழுங்குபடுத்தினாள்.

அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

பழனியப்பன் எண்பத்துநாலு கிலோ ஆள். தினமும் தெருமுனை மாமாக் சாப்பாட்டுக் கடையில் நாலு தே தாரேக் டீ, இரண்டு ரொட்டி சானாய். எதையும் விடவில்லை, எங்கும் ஓடவில்லை. முள் எழுபத்தெட்டு என்றது. அவர் யாரிடமும் சொல்லாமல் மூன்று நாள் ஏறிப் பார்த்தார். நாலாம் நாள் பால்கனியில் நின்று கூட்டாளியிடம் போனில் மெல்லிய குரலில் பேசியது ஷாமினி காதில் விழுந்தது.

"காரணமே இல்லாம கொறையுது பாஸ். எங்க அண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சிச்சு... புள்ளைங்களுக்கு ஒண்ணும் தெரியாது... லோரி சாவி சாமி படத்துக்குப் பின்னால இருக்கு, ஞாபகம் வச்சுக்க."

ஷாமினி உள்ளே ஓடி மெஷினைக் கவிழ்த்தாள். திருகில் கை வைத்தாள். திருப்பி வைத்தால் அப்பா பிழைப்பார். நாளைக்குக் காலையில் குமுதா ஏறினால் ஐம்பத்தாறு காட்டும், பூனைக்கு மறுபடி மீன் வறுவல் இறங்கும். அவள் கையை எடுத்துவிட்டாள். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் குறும்புக்குத் தனக்கே சிரிப்பு வரவில்லை.

பள்ளி விடுமுறையில் அப்பா எல்லாரையும் அரசாங்கக் கிளினிக்குக் கூட்டிப்போனார். "சும்மா செக் பண்ணத்தான்," என்றார். வெள்ளைச் சட்டை போட்டு, விபூதி வைத்து, மாமியார் வீட்டுக்குப் போவது போல வந்திருந்தார்.

நர்ஸ் மிஸ்ஸி அவரை மெஷினில் ஏற்றினார். "எண்பத்துநாலு."

"சரியா பாருங்க மிஸ்ஸி."

"எண்பத்துநாலு புள்ளி மூணு."

அப்பா இரண்டு கையையும் மேலே தூக்கி, "முருகா! நான் குண்டாத்தான் இருக்கேன்!" என்று கத்தினார். நம்பருக்குக் காத்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு மலாய்த் தாத்தா கை தட்டினார்.

அம்மா சந்தேகத்தோடு ஏறினார். எழுபத்திரண்டு. "உங்க மெஷின்தான் ரிப்பேர்," என்றார். குமுதா ஏறினாள். ஐம்பத்தாறு. அவள் முகம் விளக்கை அணைத்தது போல ஆனது.

உள்ளே சத்துணவு அதிகாரி உஷாராணி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். இளவயது, கறாரான கண்ணாடி. "வீட்டு மெஷின்ல அப்பா எவ்வளவு? அம்மா? தங்கச்சி?" பேனா நின்றது. "மூணு பேருமே சரியா ஆறு கிலோவா? உடம்பு அப்படிப் பேசிவச்சுக்கிட்டுக் கொறையாதே. அந்த மெஷினை யாரு தொட்டா?"

ஷாமினி சுவரில் இருந்த டெங்கிக் கொசுப் படத்தை உயிரே போவது மாதிரி படித்துக்கொண்டிருந்தாள்.

"ஷாமினி," என்றார் அம்மா.

"பூனை," என்றாள். பிறகு அழுகையும் பேச்சும் ஒன்றாக வந்தது. பூனை, மீன் வறுவல், அசெம்பிளி, சீப்பு முடி, திருகு எல்லாம் தலைகீழ் வரிசையில் கொட்டியது.

உஷாராணி ஷாமினியை விட்டுவிட்டுக் குமுதா பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். மாசாமாசம் வருவது தள்ளிப்போனதா என்று கேட்டார். குமுதா தலையாட்டினாள். உயரம் அளந்தார். வயதுக்கேற்ற கோடு போட்ட அட்டையைக் காட்டினார்.

"பாரு, கொஞ்சம் மேல இருக்க, அவ்வளவுதான். ஸ்கூல் கார்டைப் பார்த்தா போன வருஷத்துக்கு நாலு சென்டி உயர்ந்திருக்க, இன்னும் உயருவ. உயரம் வந்து எடையைப் பிடிச்சுக்கும். உன் வயசுல எடையைக் கொறைக்கிறது வேலை இல்ல, வளர்றதுதான் வேலை. பட்டினி கெடந்தா உடம்பு முதல்ல முடியைத்தான் தியாகம் பண்ணும்." பிறகு அம்மா அப்பா பக்கம் திரும்பினார். "இவளுக்கு மட்டும் தனி டயட் கிடையாது. வீட்டுக்கே ஒண்ணுதான். மூணு வேளையும் சாப்பாடு. சிராப் தண்ணி, மைலோ ஐஸ் எப்பவாவது. சாயங்காலம் எல்லாரும் நடங்க. அங்கிள், உங்க நாலு தே தாரேக்கும் இதுல சேர்த்தி."

"நாலு இல்ல மிஸ், மூணு," என்றார் அப்பா. செத்துப் பிழைத்தவருக்கும் அந்த ஒன்று முக்கியமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் குமுதா கேட்டாள்: "நீயும் என்னை ஏமாத்துனியா?"

"நீ சாப்பிடணும்னு..."

"மாமா ஜோக்குக்கு நீயும் சிரிச்ச. மூணு."

எண்ணி வைத்திருந்தாள். அன்று சாயங்காலம் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாள். மேசையில் தோசை ஆறிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே ஷாமினி உட்கார்ந்திருந்தாள். மண்டைக்குள் ஒரு குறும்பும் ஓடவில்லை.

அப்புறம் எழுந்தாள். குமுதாவின் லெஹெங்காவையும் தன்னுடைய மயில் பச்சைத் துப்பட்டாவையும் சுருட்டி எடுத்துக்கொண்டு மேல் மாடிக்கு ஓடினாள். சாந்தமேரி ஆன்டியிடம் தையல் மெஷின் உண்டு. ஆறு கிலோ திரும்பி வந்த கோபமும் உண்டு.

"ஏன்டி, பிஸ்கட்டுக்கெல்லாம் சாமி மன்னிப்பு குடுத்துட்டாருன்னு நெனச்சேன்டி!"

"ஆன்டி, அப்பறமா அடிங்க. இடுப்புல ரெண்டு பக்கமும் துணி வைக்கணும். இதை வெட்டிக்குங்க."

"இது உன் ஷால் ஆச்சே. நீ என்னத்தைப் போடுவ?"

"வெட்டுங்க ஆன்டி."

ஆன்டி கத்தரியை எடுத்தபோது வாசலில் அம்மா நின்றார். தேடிக்கொண்டு வந்திருந்தார். பட்டுபோலப் பளபளத்த துப்பட்டா இரண்டாகக் கிடந்ததைப் பார்த்தார். கத்தவில்லை. தரையில் உட்கார்ந்து, பிரித்த தையலை விரலால் தடவினார்.

"போன தீபாவளி அளவை அனுப்புனேன்," என்றார் மெதுவாக. "தினமும் எத்தனை புள்ளைங்களுக்கு அளவு எடுக்குறேன். எம்புள்ளை வளர்ந்திருக்கும்னு எனக்குத் தோணலை பாரேன்." பிறகு ஊசியில் நூலைக் கோத்தார். ஒரு பக்கம் அம்மா, ஒரு பக்கம் ஆன்டி.

லெஹெங்கா கீழே இறங்கியது. அம்மாவே குமுதாவிடம் கொண்டுபோய், "சட்டைதான் தப்பா வந்துச்சு. நீ இல்ல," என்று சொல்லிக் கொடுத்தார். கொக்கி வளையத்தில் விழுந்தது. இரண்டு விரல் இடமும் மிச்சம்.

"அது எதுக்கு?" என்றாள் குமுதா.

"பந்தியில உக்கார," என்றாள் ஷாமினி கதவுக்குப் பின்னாலிருந்து. கொஞ்ச நேரம் கழித்து, ஆறிப்போன தோசையில் ஒன்று காணாமல் போயிருந்தது. ஷாமினி ஓடிப்போய் மாடிப்படிக்குக் கீழே பார்த்தாள். பூனை சும்மாதான் படுத்திருந்தது.

எடை மெஷினை அப்பா குடைமிளகாய்த் தொட்டிக்கு முட்டுக்கொடுத்துவிட்டார். சாயங்காலங்களில் நாலு பேரும் திடலைச் சுற்றி நடந்தார்கள். அப்பா இரண்டாவது சுற்றிலேயே போன் பேசுவது போல நடித்து உட்கார்ந்துவிடுவார். குமுதா நடப்பதை விட்டு ஓட ஆரம்பித்தாள். யாரும் சொல்லி அல்ல, ஷாமினியை முந்துவதில் ஒரு சுகம். பேசத்தான் இல்லை. "தண்ணி," "தள்ளு," அவ்வளவுதான்.

கல்யாண நாள். பிரிக்ஃபீல்ட்ஸ் மண்டபம் முழுக்க மயில் பச்சை. வாசலில் விஜயன் மாமா குமுதாவைப் பார்த்து, "வந்துட்டியா? சமையல்காரர் உன்னைத்தான் கேட்டாரு," என்றார் பழக்க தோஷத்தில்.

"ஆமா மாமா," என்றாள் குமுதா, பச்சை இடுப்பில் கை வைத்து. "முதல் பந்தியில உக்காரப்போறேன். உங்களுக்குப் பாயசம் மிச்சம் இருந்தா அதிர்ஷ்டம்." மாமா வாயை மூடிக்கொண்டு மணவறைக்குப் போனார்.

ஷாமினியைக் காணவில்லை. பெண் பிள்ளைகள் எல்லாரும் துப்பட்டாவோடு வரிசையாகத் தட்டு ஏந்தி நிற்க வேண்டிய நேரம். ஐயர் மந்திரத்தை நிறுத்தினார், மேளக்காரர் குச்சியை ஓங்கினார், மண்டபமே மூச்சைப் பிடித்தது. அப்போதுதான் ஷாமினி வரிசையின் கடைசியில் வந்து ஒட்டிக்கொண்டாள், தோளில் அகலமான மயில் பச்சைத் துணியோடு.

குமுதா திரும்பிப் பார்த்தாள். துணியின் நடுவில் ஒரு பெரிய போ முடிச்சு. மண்டபத்து நாற்காலிகளின் முதுகில் கட்டியிருக்கிற ரிப்பன் அது. முதல் வரிசையில், மாமாவின் பாஸ் உட்கார்ந்திருந்த நாற்காலி மட்டும் முதுகு காட்டி அம்மணமாக நின்றது.

குமுதா அந்த நாற்காலியைப் பார்த்தாள். அக்காவின் தோளைப் பார்த்தாள். குனிந்து தன் இடுப்பின் இரண்டு பக்கத் துணியையும் பார்த்தாள். எங்கே போனது அந்தத் துப்பட்டா என்று இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

"கா," என்றாள், உதட்டைக் கடித்துக்கொண்டு. "அது சேர் சட்டை."

"பேசாதடி. சேருக்கு அளவு பத்தலையாம், எனக்குக் குடுத்துருச்சு."

க்.

ஷாமினி தட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

க். க்.

தாலி எடுத்தார்கள். நாலாவதில் பிடித்துக்கொண்டது. மேளத்துக்கு முன்னாலேயே அது மண்டபம் முழுக்கக் கேட்டது. வீடியோக்காரர் மாப்பிள்ளையை விட்டுவிட்டுக் கேமராவைத் திருப்பினார்.

மூன்றாவது வரிசையிலிருந்து சாந்தமேரி ஆன்டியின் குரல் வந்தது. "என்னாது லா அங்க?"